புதுப் பிஸ்டல், முதல் ஐம்பது தோட்டா: கோளாறு துப்பாக்கியிலா, கையிலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் கிடைத்து, பாலிமர் உடல் கொண்ட புது 9 மி.மீ. பிஸ்டலை முதல் தடவையாக ரேஞ்சில் சுட்டிருக்கிறார். 15 மீட்டரில் கிளப்பின் வட்ட இலக்கு அட்டை, மொத்தம் ஐம்பது தோட்டா. குண்டுகள் நடுவிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழேயும் 6 சென்டிமீட்டர் இடப்பக்கமாகவும் விழுந்திருக்கின்றன. இரண்டு தடவை வெற்றுக் கூடு வெளியே பறக்காமல் ஸ்லைடின் (பிஸ்டலின் மேல்புறம் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) வாயில் நட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) காலியானதும் ஸ்லைடு பின்னாலேயே நிற்க வேண்டும். ஐந்தில் மூன்று முறை நிற்கவில்லை. வலக்கைக்காரர். தோட்டத்தில் பன்றி விரட்ட அப்பா வைத்திருந்த 12 போர் செனாப்பாங்கை (நீண்ட வேட்டைத் துப்பாக்கி) பார்த்து வளர்ந்தவர். "கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா, இல்லை பின்குறியைத் தட்டி நகர்த்தலாமா?" என்கிறார். பின்குறி என்பது ஸ்லைடின் பின்முனையில் குறிபார்க்க இருக்கும் பள்ளம், முன்குறி அதன் முன்முனையில் நிற்கும் முனை.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், தம்பி. நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் கையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகத் துப்பாக்கியில் குறையே இருக்காது என்று சொல்ல வரவில்லை. கை, தோட்டா, துப்பாக்கி என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. முதல் நாளில் பின்குறியைத் தட்டிவிட்டால், நாளைக்குக் கை சரியாகும்போது குண்டு வலப்பக்கம் போகும். பிறகு எது யாருடைய தவறு என்று கண்டுபிடிக்க இன்னும் இருநூறு தோட்டா செலவாகும்.

செனாப்பாங் பழக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மடக்குத் துப்பாக்கியை மடக்கினால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்குக்கூடத் தெரியும். பிஸ்டலில் அப்படி எதுவும் தெரியாது. மேகசினைக் கழற்றினாலும் குழலின் அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். ஆகவே வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் மேகசின் வெளியே, அப்புறம் ஸ்லைடை மூன்று முறை இழுப்பது, பிறகு திறந்து வைத்து அறையைக் கண்ணால் பார்த்து விரல் நுனியாலும் தொட்டுப் பார்ப்பது. வரிசையை மாற்றி, மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டாவை வெளியே தள்ளிய கையோடு அடுத்ததை நீங்களே உள்ளே ஏற்றிவிடுகிறீர்கள். இன்னொன்று நீளம். செனாப்பாங்கின் நீண்ட குழல் பக்கத்தில் இருப்பவர் மேல் திரும்ப வேண்டுமானால் உடம்பே திரும்ப வேண்டும். பிஸ்டலுக்கு மணிக்கட்டு சற்றுச் சாய்ந்தாலே போதும். கூடு மாட்டிக்கொண்டதும் "ஐயா, இங்க பாருங்க" என்று பிஸ்டலோடு ரேஞ்ச் அதிகாரி பக்கம் திரும்புவது புதியவர்கள் எல்லோருமே செய்யும் தவறு. குழல் இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டையே பார்க்கட்டும், விரல் விசைக்கு (டிரிகருக்கு) வெளியே நேராக நீட்டி இருக்கட்டும், இடக்கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். அவர் உங்களிடம் வருவார்.

இனி இடப்பக்கம் போவதைப் பார்ப்போம். கிளாக் 17 மாதிரியான பாலிமர் பிஸ்டல் தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 630 கிராம், மேகசின் நிறைந்தால் 900 கிராம் சொச்சம். அதன் விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தமோ ஏறக்குறைய இரண்டரை கிலோ. தன் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தை அந்தச் சின்னப் பொருள் ஒரே விரலிடமிருந்து வாங்குகிறது. ஒலிம்பிக் 25 மீட்டர் போட்டியின் .22 பிஸ்டலோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும்: அங்கே துப்பாக்கியின் எடை 1400 கிராம் வரை போகலாம், விசையின் குறைந்தபட்ச அழுத்தம் 1000 கிராம். அதாவது விசை துப்பாக்கியை விட லேசு. அதனால் அது கையில் அசையாமல் நிற்கிறது. உங்கள் பிஸ்டல் அப்படி இல்லை. ஆள்காட்டி விரல் இழுக்கும்போது மற்ற மூன்று விரல்களும் கூடவே இறுகும். வலக்கைக்காரருக்கு அந்த இறுக்கம் குழலின் நுனியைக் கீழே இடப்பக்கமாகத் தள்ளும். சத்தமும் உதையும் வரப்போகிறது என்று மனசுக்குத் தெரிந்தவுடன், அதைத் தடுக்க மணிக்கட்டும் முன்கூட்டியே கீழே அழுத்தும். இரண்டும் சேர்ந்தால் குண்டு போய் விழும் இடம், நீங்கள் சொன்ன அதே மூலை.

இதை நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. போலித் தோட்டா, அதாவது மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி, இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூட வரும் நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் டம்மியைச் செருகச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கக்கூடாது. சுடும்போது முன்குறியின் மேல்விளிம்பிலேயே பார்வை இருக்கட்டும். இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, அப்படித்தான் தெரிய வேண்டும். டம்மி வரும் தடவை "டிக்" என்று மட்டும் கேட்கும். வெடியும் இல்லை, உதையும் இல்லை, ஆனாலும் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் சடாரென்று முங்கி, இடப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த முங்கல்தான் உங்கள் 6 சென்டிமீட்டர். வெடி சத்தத்தில் அது மறைந்து போகிறது. டம்மி அதை நிறுத்திக் காட்டுகிறது.

திருத்துவது பேசிப் புரிவதை விடச் செய்து பழக வேண்டிய விஷயம். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வித்தைதான். கத்தி மரத்தில் படக்கூடாது, பட்டையும் மேலாகப் போய்விடக்கூடாது, கோடு முழுக்க ஒரே ஆழம், ஒரே இழுப்பு. விசையும் அப்படித்தான். முதலில் தளர்வு போகும் வரை இழுத்து, சுவர் மாதிரி தட்டுப்படும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து நேர் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூடட்டும். எப்போது வெடிக்கும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வெடித்த பிறகும் விரலை உடனே விட்டுவிடாமல், மெல்ல முன்னால் விடுங்கள். "க்ளிக்" என்று தட்டும் இடத்தில் நிறுத்தி அடுத்ததற்கு அங்கிருந்தே இழுங்கள். விரலின் முதல் கணு வரை உள்ளே நுழைக்க வேண்டாம், நுனிச் சதையின் நடுப்பகுதி போதும். இடக்கைதான் பிஸ்டலைப் பிடித்து நிறுத்தும் கை. வலக்கையை விட அது கொஞ்சம் கூடுதலாகவே இறுகட்டும். அப்போதுதான் வலக்கை விரல் தனியாக வேலை செய்யும்.

கீழே போகும் 10 சென்டிமீட்டருக்கு வேறு காரணமும் இருக்கலாம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. காற்றுத்துப்பாக்கி, .22 போட்டி சுடுபவர்கள் கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைப்பதில்லை. வட்டத்தின் அடிவிளிம்பை முன்குறியின் மேல் உட்கார வைப்பார்கள். அவர்களுடைய குறிகள் அதற்கேற்ப உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கிளப்பில் மூத்தவர் யாராவது உங்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தால்? 25 மீட்டர் நிதான அட்டையின் கறுப்பு வட்டம் 200 மி.மீ. விட்டம், நடுவிலிருந்து அடிவிளிம்பு சரியாக 10 சென்டிமீட்டர். உங்கள் புதுப் பிஸ்டலின் குறிகள் பெரும்பாலும் முன்குறி எங்கே நிற்கிறதோ அங்கேயே குண்டு போகும்படி, அல்லது முன்குறியின் வெள்ளைப் புள்ளி மறைக்கும் இடத்துக்குப் போகும்படி வந்திருக்கும். அடியில் குறி வைத்தால் அடியில்தான் விழும். அது துப்பாக்கியின் நேர்மை! அடுத்த முறை கறுப்பு வட்ட அட்டையை விட்டுவிட்டு, வெள்ளைத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புச் சதுரம் ஒட்டி, அதன் நடுவிலேயே குறி வைத்துப் பாருங்கள். முதலில் 7 மீட்டர், பிறகு 10, கடைசியில் 15.

கூடு மாட்டிக்கொள்வது. வெடித்ததும் ஸ்லைடு பின்னால் போக, சட்டம், அதாவது கையில் பிடிக்கும் உடல்பகுதி, அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். உலோகப் பிஸ்டலுக்குத் தன் எடையே தடுப்பு. பாலிமர் சட்டத்துக்கு உங்கள் கைதான் தடுப்பு. ஸ்லைடின் ஓட்டம் அரைகுறையாக முடிந்தால் கூடு வேகமாக வெளியே எறியப்படாது, திரும்பி வரும் ஸ்லைடு அதைக் கவ்விக்கொள்ளும். புதுப் பிஸ்டலில் ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் இது இன்னும் எளிதாக நடக்கும். பிடியை முடிந்த அளவு உயரமாக, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை பின்வளைவில் முட்டும் வரை ஏற்றுங்கள். ஸ்லைடுக்குப் பின்னால் மட்டும் சதையோ இடக்கைக் கட்டைவிரலோ இருக்கக்கூடாது, தோலைச் சீவி எடுத்துவிடும்.

கையைச் சரி செய்தும் மாட்டினால் எண்ணெயையும் தோட்டாவையும் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த பிஸ்டலில் இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியது, ஓட்டத்துக்கு அல்ல. முதல் சுடுதலுக்கு முன்பே துடைத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களுக்கு ஒவ்வொரு சொட்டு, குழலின் மேல்பக்கத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். கிளாக்கில் செம்பு நிறத்தில் இருக்கும் கிரீஸை மட்டும் துடைக்க வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. பிரைமரைக் குத்தும் ஊசி ஓடும் துவாரத்தில் எண்ணெய் படவே கூடாது. கரி சேர்ந்து ஊசி மந்தமாகும். தோட்டாவில் 115 கிரெயின் (குண்டின் எடை அளவு) மலிவுச் சரக்கு சில நேரம் புது ஸ்பிரிங்கை முழுவதும் தள்ளும் அளவுக்கு உறைப்பாக இருக்காது. 124 கிரெயின் ஒரு பெட்டி கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஸ்லைடு பின்னால் நிற்காத விஷயத்துக்கு, அதிகம் யோசிக்காமல் உங்கள் வலக்கைக் கட்டைவிரலைப் பாருங்கள். உயரமாகப் பிடித்து, கட்டைவிரலை முன்னால் நீட்டினால், அது ஸ்லைடை நிறுத்தும் லீவரின் மேல் போய் உட்காரும். மேகசினின் தட்டு கீழிருந்து லீவரைத் தூக்க முயலும், உங்கள் விரல் மேலிருந்து அழுத்தும். விரல்தான் ஜெயிக்கும். சோதனை எளிது. மேகசினில் ஒரே ஒரு தோட்டா, கட்டைவிரலை லீவரிலிருந்து நன்றாக இறக்கி, சுடுங்கள். ஸ்லைடு நிற்க வேண்டும். இப்படி ஒவ்வொரு மேகசினிலும் ஐந்து முறை. மேகசின்களின் அடியில் மார்க்கர் பேனாவால் 1, 2 என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் எந்த மேகசின் சண்டித்தனம் செய்தது என்று அரை மணி நேரத்தில் மறந்துபோகும். புது மேகசின் ஸ்பிரிங் கடைசி இரண்டு தோட்டாக்களை ஏற்றவிடாமல் முரண்டு பிடிப்பது வழக்கம். ஆரம்பத்தில் இரண்டு குறைவாகவே ஏற்றுங்கள்.

இதுவரை சொன்னவற்றால் தோட்டாவும் நேரமும்தான் வீணாகும். இனி சொல்லப்போவதால் கையே போகும். விசையை இழுத்ததும் "டிக்" என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால், குழலை மண்மேட்டை நோக்கி வைத்தபடியே முப்பது விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியே எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். ஊசித் தடம் ஆழமாக இருந்தால் பிரைமர் கெட்டது. மெலிதாக இருந்தால் ஸ்லைடு முழுவதும் மூடாமலிருந்தது அல்லது ஊசியில் அழுக்கு. இதற்கு நேர்மாறாக, வெடி வழக்கத்தை விட மெலிந்து "புஸ்" என்று கேட்டால், உதை குறைந்தால், அல்லது அட்டையில் புது ஓட்டை விழவில்லை என்றால், அந்த நிமிடமே நிறுத்துங்கள். ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடத்தான் கை போகும், போக விடாதீர்கள். மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலின் நடுவில் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டா அதன் முதுகில் மோதினால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். அதிகாரியைக் கூப்பிட்டு, காலி செய்து, குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் மறுபடி தொட வேண்டும்.

அடுத்த முறை போகும்போது காலையிலேயே போங்கள். நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மேகம் கட்டி மழை இறங்கும். வெளிச்சம் மாறினால் முன்குறி கண்ணுக்குத் தெரியும் உயரமும் மாறும். குண்டு மேலும் கீழும் போக அதுவே போதும். நூறு தோட்டாவுக்கு மேல் வேண்டாம். முதல் பத்து நிமிடம், அதிகாரி அனுமதித்தால், காலித் துப்பாக்கியில் விசை மட்டும் இழுங்கள். பிறகு ஒற்றைத் தோட்டாச் சோதனை. அதன் பின் மணல் மூட்டையில் மணிக்கட்டைச் சாய்த்து 10 மீட்டரில் ஐந்து ஐந்தாக மூன்று கூட்டம், ஒவ்வொன்றும் தனித்தாளில். துப்பாக்கியின் அடிப்பாகம் மூட்டையில் முட்டக்கூடாது, கை மட்டும் சாய வேண்டும். அதே தூரத்தில், அதே தோட்டாவில், பிஸ்டல் நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவர், கிளப்பும் உங்கள் லைசென்ஸும் அதற்கு இடம் கொடுத்தால், ஐந்து தோட்டா சுடட்டும். அவர் குண்டுகள் நடுவில் விழுந்து உங்களுடையவை இடப்பக்கம் விழுந்தால் பேச்சு முடிந்தது. இருவருடையதும் ஒரே பக்கம் விழுந்தால்தான் குறியின் மேல் சந்தேகப்படலாம்.

சட்டைக் காலர் மூடியிருக்கட்டும், தொப்பி போடுங்கள். சூடான கூடு கழுத்துக்குள் விழுந்தால் ஆள் துள்ளித் திரும்புவார், கையில் பிஸ்டலோடு. காதுக்கு நுரை அடைப்பானும் அதன் மேல் மூடியும், இரண்டும் வேண்டும், 9 மி.மீ. வெடியின் உச்சம் 160 டெசிபெல்லுக்குப் பக்கத்தில். காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால்தான் நுரை உள்ளே சரியாக உட்காரும். வழக்கமாக அங்கேயே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பவராக இருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள், ஈயத் தூள் விரலில் ஒட்டியிருக்கும்.

கிளம்பும் முன் கால்சட்டைப் பை, துணிப் பை, மேசைக்கு அடியில், மூன்றையும் தடவிப் பாருங்கள். வெடிக்காமல் எடுத்துவைத்த ஒரு தோட்டா பையிலேயே தங்கிப்போவது சாதாரணமாக நடக்கும். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸுக்கு வெளியே தோட்டா வைத்திருப்பதும் குற்றம்தான்: ஏழு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியையே சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971 சட்டம் இன்னும் கடுமை, பதினான்கு ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். இந்தக் கடுமைக்கு நம் ஊர் அந்நியமில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அனுமதியின்றி ஆயுதம் ஏந்தினால் தூக்கு என்ற விதியும் அப்போது இருந்தது. ஆகவே எண்ணிக்கையை எழுதி வையுங்கள்: எடுத்தது எவ்வளவு, சுட்டது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு.

பிஸ்டலை அன்றே துடைக்க வேண்டும், மறுநாள் வரை வைக்கக்கூடாது. நம் ஈரக் காற்றில் வியர்வை பட்ட ஸ்லைடில், குறிகளைச் சுற்றியுள்ள மூலைகளில், செந்தூள் ஓரிரவிலேயே தலைகாட்டும். ஸ்பாஞ்சு வைத்த பெட்டி பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்த் துணியால் வெளிப்புறம் முழுவதும் துடைத்து, சிலிக்கா ஜெல் பையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து, இருநூறு தோட்டா முடிந்து, இரண்டு வகைத் தோட்டாவிலும் இரண்டு பேர் கையிலும் கூடு மாட்டினால், அப்போது லைசென்ஸ் பெற்ற கடைக்கே எடுத்துப் போங்கள். 1ஆம் மேகசினில் மட்டும் நடந்தால் மேகசினை மட்டும் மாற்றினால் தீரும். தேதி, தோட்டாவின் வகை, பெட்டியிலுள்ள தொகுதி எண், எத்தனையாவது தோட்டாவில் மாட்டியது என்று எழுதிய தாளோடு போனால் கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது.

குறியையும் அப்போதுதான் தொடலாம், அதுவும் கணக்குப் போட்டு. தவறிய தூரத்தை முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் மில்லிமீட்டரில். கிளாக் 17 அளவுப் பிஸ்டலில் அந்த இடைவெளி ஏறக்குறைய 165 மி.மீ. 15 மீட்டரில் 60 மி.மீ. இடப்பக்கம் என்றால் 60 பெருக்கல் 165, வகுத்தல் 15000, விடை 0.66 மி.மீ. பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கம், அதாவது வலப்பக்கம், அவ்வளவு மட்டும் நகர்த்த வேண்டும். உயரம் வேண்டுமானால் பின்குறி உயர வேண்டும் அல்லது முன்குறி தாழ வேண்டும். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த நகர்த்தலைச் சுத்தியலால் செய்யாதீர்கள். கடையில் அதற்கென்று திருகுக் கருவி இருக்கும், மணல் மூட்டையில் சுட்ட அந்த மூன்று தாள்களையும் எடுத்துப் போய் அங்கேயே செய்துகொள்ளுங்கள்.